பழைய மாருதி 800: ஸ்டீரிங், சஸ்பென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கார்களின் முன்பக்க வேலையை மட்டுமே பார்க்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. இப்போதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு மாருதி 800 வந்துவிடும். 1983 டிசம்பரில் முதல் வண்டி ரோட்டுக்கு வந்தது, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றது. ஆக, கடைசியாகப் பிறந்த வண்டிக்கே பத்து வயதைத் தாண்டிவிட்டது. கொண்டுவருகிறவர்கள் மாறினாலும் கேட்கிற கேள்விகள் மாறவில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். 1986-க்குப் பிறகு வந்த மாடல்களை மனதில் வைத்து எழுதியது இது.

ஸ்டீரிங் வேற, சஸ்பென்ஷன் வேறதான? ரெண்டையும் ஏன் சேத்தே பேசுதீங்க?

பெயர்தான் வேறு. முன்சக்கரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் மேல்பக்கத்தை ஸ்ட்ரட் பிடித்திருக்கிறது. ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். கீழ்ப்பக்கத்தை லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கையின் முனையில் இருக்கிற பால் ஜாயின்ட், அதாவது எல்லாப் பக்கமும் திரும்புகிற குண்டு மூட்டு, பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் டை ராட் என்கிற தண்டு வந்து இழுக்கவும் தள்ளவும் செய்கிறது. அந்த டை ராட்டை அசைப்பது ராக், அதாவது ஸ்டீரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகர்கிற பல் வெட்டிய தண்டு. இதில் எது தேய்ந்தாலும் கைக்கு வந்து சேருவது ஸ்டீரிங் வழியாகத்தான்.

இந்த வண்டியில் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் பார் என்கிற வளைந்த தண்டின் முனை லோயர் ஆர்முக்குள் புகுந்து, ரப்பர் புஷ்ஷும் நட்டுமாக நிற்கும். வளைவில் வண்டி சாயாமல் பார்ப்பதோடு, சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் அதுதான். அந்த ரப்பர் போனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் ஒரு நூல் பின்னால் போய் வரும்.

வண்டி நல்லாத்தான ஓடுது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா பாக்கணும்?

பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது. 'மாசம் நூறு கிலோமீட்டர்கூட ஓட்டுறதில்ல' என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். ரப்பருக்கு கிலோமீட்டர் கணக்கு தெரியாது. வெயிலில் நிற்கிற வண்டியின் புஷ்ஷும், ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் உறையான பூட்டும் நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிக்கும். டயரும் அப்படித்தான். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் முழுசாக இருந்தாலும் அந்த எண்ணையும் பாருங்கள்.

வீட்ல நானே பாத்துக்கிட முடியுமா, இல்ல பட்டறைக்குத்தான் வரணுமா?

பாதி வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். வண்டிக்கு அடியில் உடம்பை நுழைக்க வேண்டாம்.

முதலில் சக்கரத்தை மேலும் கீழும், கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கிற இடத்தில் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்து ஆட்டுங்கள். 'டிக்' என்று விரலுக்குத் தட்டினால் ஆட்டம் இருக்கிறது. அது பேரிங்கா, பால் ஜாயின்ட்டா? உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். அப்படியும் ஆடினால் பெரும்பாலும் பால் ஜாயின்ட்.

அடுத்து 9-ம் 3-ம் இருக்கிற இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் டை ராட் எண்டின் மேல், அதாவது டை ராட் சக்கரத்தோடு சேர்கிற முனை ஜாயின்ட்டின் மேல், விரலை வைத்துப் பார்க்கட்டும். ராட் அசைவதற்கு முன்பே சக்கரம் அசைந்தால் எண்டு தேய்ந்திருக்கிறது. எண்டு சரியாக இருந்து, ராக்கின் ரப்பர் பூட்டுக்குள்ளே தட்டினால் உள் ஜாயின்ட். கடைசியாக டார்ச் அடித்து எல்லா ரப்பர் பூட்டையும் பாருங்கள். கிழிந்து கிரீஸ் வெளியே தெரிந்தால், அந்த ஜாயின்ட்டுக்குள் மண் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டம் இன்றைக்கு இல்லாவிட்டாலும் சீக்கிரம் வந்துவிடும்.

ஸ்டீரிங்ல லேசா ஆட்டம் இருக்கு. எவ்ளோ வரைக்கும் பரவாயில்ல?

சக்கரங்கள் நேராக இருக்கும்போது ஸ்டீரிங் வீலை மெதுவாக இரண்டு பக்கமும் அசையுங்கள். முன்சக்கரம் அசையாமல் ஸ்டீரிங் மட்டும் அசைகிற தூரம்தான் கணக்கு. விளிம்பில் அளந்தால் இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எங்கேயோ தேய்ந்திருக்கிறது. எங்கே என்பதை முந்தின பதிலில் சொன்ன மாதிரி தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஸ்டீரிங் காலத்தின் (ஸ்டீரிங் வீலில் இருந்து கீழே இறங்குகிற தண்டு) அடியில், பெடலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஜாயின்ட்டைப் பாருங்கள். அதன் கிளாம்ப் போல்ட் தளர்ந்த வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் ஒண்ணுதான?

இல்லை. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் பார்க்கிற திசையைச் சரிசெய்வது. பேலன்ஸிங் என்பது ஒவ்வொரு சக்கரத்தின் எடையும் சுற்றிலும் சமமாக இருக்கும்படி ஈயக்கட்டி வைப்பது. வண்டி இழுத்தால், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட். வேகத்தில் நடுங்கினால் பேலன்ஸிங்.

அண்ணாச்சி, வண்டி இடது பக்கமா இழுக்கு. ரெண்டு தடவ அலைன்மென்ட் பண்ணியாச்சு, போகவே இல்ல.

அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அதிகம் பணம் வீணாவதும் இதில்தான். அலைன்மென்ட் மெஷின் அளந்து மட்டும்தான் காட்டும், தேய்ந்த சாமானைப் புதுசாக்காது. ஆட்டம் இருக்கிற பால் ஜாயின்ட்டோடு அலைன்மென்ட் செய்தால், மெஷினில் நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும். கேட்டைத் தாண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் அளவு மாறிவிடும். அதனால் எங்கள் பட்டறையில் வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவதில்லை.

இழுப்புக்குக் காரணம் தேடும்போது செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள். முதலில் டயர் குளிர்ந்திருக்கும்போது நாலு டயருக்கும் காற்று பாருங்கள். அளவு கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. 12 அங்குலச் சின்ன டயரில் ஒரு பக்கம் நாலைந்து பவுண்டு குறைந்தாலே கைக்குத் தெரியும். அடுத்து ரோடு. நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் இடது ஓரம் சரிவாகவும் இருக்கும். கையை விட்டால் வண்டி மெல்ல இடது பக்கம் ஒதுங்குவது இயல்பு. உங்கள் வண்டிக்கு அந்த ரோடுதான் காரணமா என்று தெரிய, சமமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இழுப்பு அப்படியே இருந்தால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இப்போது வலது பக்கம் இழுத்தால் குற்றம் டயரில். மாறாமல் இருந்தால் பிரேக்கைப் பாருங்கள். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்க பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இத்தனையும் சரி என்றால்தான் புஷ், ஆர்ம், அப்புறம் அலைன்மென்ட்.

கேம்பர் அவுட்டுன்னு பிரிண்ட் வருது, ஆனா 'அட்ஜஸ்ட் பண்ண முடியாது'ன்னு சொல்லுதாங்க. உண்மையா?

உண்மைதான். இந்த வண்டியில் முன்னால் சாதாரணமாகத் திருப்பிச் சரிசெய்ய முடிவது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு, மட்டும். டை ராட்டை நீட்டி, குறைத்து அதைச் சரிசெய்வோம். கேம்பர், அதாவது முன்னால் இருந்து பார்த்தால் சக்கரத்தின் உச்சி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது, மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. பள்ளத்தில் ஓங்கி விழுந்த வண்டியில் ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கும். பழைய விபத்து வண்டியில் பாடியே விலகியிருக்கலாம். ஸ்ட்ரட் போல்ட் ஓட்டையை ராவி அகலமாக்கி கேம்பரை வரவழைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளைந்ததை மாற்றுவதுதான் வேலை.

எண்பதுல போனா ஸ்டீரிங் நடுங்குது.

குறிப்பிட்ட வேகத்தில் வந்து அதைத் தாண்டினால் குறைகிற நடுக்கம் பெரும்பாலும் பேலன்ஸிங். ரிம் வளைந்திருந்தாலும் வரும், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் கண்ணுக்கே தெரியும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கில் கோணல். பேலன்ஸ் செய்தும் போகாவிட்டால் டை ராட் எண்டை ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த எண்டு சின்ன நடுக்கத்தைப் பெரிதாக்கிக் கைக்கு அனுப்பும்.

ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா 'டொக்'குன்னு சத்தம் கேக்கு. எது போச்சுன்னு எப்படி கண்டுபிடிக்க?

சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. மெதுவாக ஏறி இறங்கும்போது ஒற்றை 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட். சின்னச் சின்னக் கல்லில் ஓடும்போது 'கடகட' என்றால் ஸ்டெபிலைசர் பார் ரப்பர் அல்லது ராக். பிரேக் போட்டதும் ஒரு தடவையும், காலை எடுத்ததும் ஒரு தடவையும் தட்டினால், முதல் பதிலில் சொன்ன ஸ்டெபிலைசர் முனை புஷ்.

நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று கம்பி அறுந்த மாதிரி கேட்டால், ஸ்ட்ரட்டின் உச்சியைப் பாடியோடு பிடிக்கிற மேல் மவுண்ட். பானெட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, நீங்கள் மவுண்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் ஓட்டத்தோடு சுற்றாமல், சிக்கி நின்று திடீரென்று துள்ளுவது கையில் தெரியும். பின்னால் இருந்து சத்தமும், பின்பக்கம் ஆடி ஆடி வருகிற உணர்வும் இருந்தால், பின் அச்சைப் பிடித்திருக்கிற மூன்று தண்டுகளின் புஷ்களைப் பாருங்கள். அவற்றை யாரும் கவனிப்பதே இல்லை. முன்பக்கம் முழுவதும் மாற்றிவிட்டு 'இன்னும் ஆடுது' என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் அதுதான்.

ஷாக் அப்சார்பர் போச்சான்னு எப்படித் தெரியும்? ஒண்ண மட்டும் மாத்துனா போதுமா?

வண்டியின் ஒரு மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். ஒருதரம் எழும்பி நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை ஊஞ்சல் ஆடினால் போய்விட்டது. ஆனால் பாதி போன ஷாக் இந்தச் சோதனையில் தப்பிவிடும். எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்றும், டயரில் மேடும் பள்ளமுமாக அலை அலையான தேய்மானம் இருக்கிறதா என்றும் கைவைத்துத் தடவிப் பாருங்கள். மாற்றினால் ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுங்கள். புதுசும் பழசும் கலந்தால் வளைவிலும் பிரேக்கிலும் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

ஸ்பிரிங் நடுவுல ரப்பர் பஃபர் வச்சா வண்டி தூக்கி நிக்கும், இடிக்காதுன்னு சொல்லுதாங்களே?

தூக்கி நிற்கும், உண்மைதான். ஏன் இறங்கியது என்ற கேள்வி அப்படியே இருக்கும். சுருள் ஸ்பிரிங்கின் எல்லா வளையமும் சேர்ந்து பாரத்தைப் பங்குபோட வேண்டும். நடுவில் ரப்பரைத் திணித்தால் ஒன்றிரண்டு வளையம் வேலை செய்யாது, மீதி வளையங்கள் கூடுதலாகச் சுமக்கும். வண்டி முரட்டுத்தனமாகக் குதிக்கும். ரப்பர் உட்கார்ந்த இடத்தில் பெயின்ட் போய்த் துரு பிடித்து, அங்கேயே ஸ்பிரிங் முறிந்ததை நான் கழற்றியிருக்கிறேன். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் ஜோடியாகப் புது ஸ்பிரிங் போடுங்கள். தாழ்வாக அழகாகத் தெரிய வேண்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டுவது இதைவிட மோசம்.

யூடியூப் பாத்து நானே ஸ்ட்ரட்டைப் பிரிக்கலாமா?

ஸ்ட்ரட்டை முழுசாக வண்டியில் இருந்து இறக்குவது வரை பரவாயில்லை. ஸ்பிரிங்கைப் பிரிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உச்சியில் இருக்கிற அந்த ஒற்றை நட்டுதான் அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. சரியான கம்ப்ரஸர் போட்டு ஸ்பிரிங்கை அமுக்காமல் அதைக் கழற்றினால் மவுண்ட் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். கயிறு, கம்பி கட்டிச் செய்கிற வித்தைகளை எங்கள் பையன்களையே நான் செய்ய விடுவதில்லை.

டை ராட் எண்டு மாத்துறது சின்ன வேலதான? அத நான் பண்ணலாம்ல?

பண்ணலாம், நிதானம் வேண்டும். பழைய எண்டைத் தளர்த்தும் முன் லாக் நட்டு நிற்கிற இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். அப்படி வைத்தால் அலைன்மென்ட் சென்டர் வரை வண்டி நேராகப் போகும். அதற்குப் பிறகும் அலைன்மென்ட் கட்டாயம்.

எண்டு நக்கிளில் கூம்பாக இறுகியிருக்கும். நட்டை முழுசாக எடுக்காமல் இரண்டு மரை விட்டுவைத்து, புல்லர் போட்டு எடுங்கள். புல்லர் இல்லையென்றால் நக்கிளின் காதில் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி, 'டப்' என்று விட்டுவிடும். எண்டின் மரை மேல் அடித்தால் மரை நசுங்கும், அப்புறம் நட்டு வராது. புது நட்டை இறுக்கி, அது கழலாமல் தடுக்க மாட்டி மடக்குகிற காட்டர் பின்னின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பின் புதுசாக இருக்கட்டும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டால் இரண்டாவது மடிப்பில் முறியும்.

புது புஷ் போட்டு ஆறு மாசம்கூட ஆகல, கிழிஞ்சிட்டு. டூப்ளிகேட்டக் குடுத்துட்டாங்களா?

இருக்கலாம். ஆனால் முதலில் எப்படி மாட்டினார்கள் என்று கேளுங்கள். லோயர் ஆர்ம் புஷ் என்பது வெளியே இரும்பு, உள்ளே இரும்பு, நடுவில் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் இரும்பு அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பரின் முறுக்கலில்தான். வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கும். சீக்கிரம் கிழியாமல் என்ன செய்யும்?

சரியான முறை: போல்ட்டைக் கையால் பிடிக்கிற அளவு வைத்துவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு தடவை அமுக்கி விட்டு, பாரம் சக்கரத்தில் இருக்கும்போது கடைசி இறுக்கு. இன்னொன்று, கீச்சிடுகிறது என்று ரப்பரில் இன்ஜின் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். ரப்பர் ஊறி உப்பிவிடும்.

ஸ்டீரிங் ரொம்பக் கனமாயிட்டு. பவர் ஸ்டீரிங் இல்லாததுனாலயா?

பவர் ஸ்டீரிங் இல்லாமலே இந்த வண்டி லேசாகத்தான் திரும்பும். காற்றைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த 145 அளவை விட்டு அகல டயர் போட்டிருந்தால் அதுவும் காரணம். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் ஒவ்வொரு பக்கமாக டை ராட் எண்டை விடுவித்து, எது இறுகியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்: ஸ்ட்ரட் மவுண்ட்டா, ராக்கா, காலத்தின் ஜாயின்ட்டா. வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ராக்குல ஒரு ஸ்க்ரூவ டைட் வச்சா ஆட்டம் போயிரும்னு ஒரு மெக்கானிக் சொன்னாரு.

அந்த ஸ்க்ரூ இருப்பது உண்மை. ராக் பல்லை, ஸ்டீரிங் தண்டின் அடியில் இருக்கிற சின்னப் பல்சக்கரமான பினியனின் பல்லோடு சேர்த்து அழுத்துவது அது. ஆனால் நேராக ஓட்டுகிற நேரம்தான் அதிகம் என்பதால் ராக் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகும் அளவு ஸ்க்ரூவை முறுக்கினால், தேயாத ஓரங்களுக்குப் போகும்போது இறுகும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் அங்கேயே நின்றுவிடும், அது ஆட்டத்தைவிட ஆபத்து. கொஞ்சம் இறுக்கி, ஒரு முனையில் இருந்து மறு முனை வரை திருப்பிப் பார்த்து, எங்கேயும் பிடிக்கவில்லை என்றால் சரி. பிடித்தால் ராக்கை மாற்றுவதுதான் வழி. டை ராட் எண்டில் இருக்கிற ஆட்டத்தை ராக்கில் தேடி முறுக்கியவர்களும் உண்டு.

2023 வெள்ளத்துல வண்டி முங்கிட்டு. இன்ஜின் சரி பண்ணியாச்சு, முன்பக்கம் ஏதாவது பாக்கணுமா?

கட்டாயம். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் ஆற்றுத் தண்ணீர். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் எல்லோரும் செலவு செய்தார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து எங்களிடம் வரிசையாக வந்தது வீல் பேரிங் இரைச்சலும் ராக் இறுக்கமும். ராக் பூட்டில் ஊசிமுனைக் கிழிசல் இருந்தாலும் சேறு உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துத் துரு பிடிக்கவைக்கும். பூட்டின் கிளிப்பை விடுவித்து உள்ளே பாருங்கள். கிரீஸ் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

சாமான் கிடைக்குதா? செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

கிடைக்கிறது. சென்னை என்றால் புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. நக்கிள் மாதிரி இரும்பு வார்ப்புகளை விரிசல், வளைவு பார்த்துப் பழசு வாங்கலாம். பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, புஷ், ஷாக் ஆகியவற்றைப் பழசு வாங்காதீர்கள்.

என்கிட்ட இருக்கது அம்பாசடர். இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

ஆட்டிப் பார்க்கிற முறையும் தேடுகிற வரிசையும் பொருந்தும், அமைப்பு வேறு. அம்பாசடரில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார் என்கிற முறுக்குத் தண்டு. பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டை. ஒரு பக்க முறுக்குத் தண்டை மறுபக்கம் மாட்டக் கூடாது. கிரீஸ் நிப்பிள்கள் உண்டு, அவற்றுக்குத் தவறாமல் கிரீஸ் அடித்தால் முன்பக்கம் பல வருடம் உழைக்கும். பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று: அந்தக் காரில் ராக் இல்லை, ஸ்டீரிங் பாக்ஸ். அதில் ஆயில் அளவு பார்ப்பதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாத்தையும் ஒரே தடவ மாத்த காசு இல்ல. எத முதல்ல பாக்கணும்?

பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, ஸ்டீரிங் காலம் ஜாயின்ட். இந்த மூன்றில் ஆட்டம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு வாத்தியார், சத்தம் மட்டும்தானே என்று பால் ஜாயின்ட்டை இரண்டு மாதம் தள்ளிவிட்டார். வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஜாயின்ட் கழன்று, இடது சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்து வண்டி தரையில் உட்கார்ந்தது. முந்தின நாள்தான் பிள்ளைகளோடு திருச்செந்தூர் போய்வந்திருந்தார்.

அதற்கடுத்து முறிந்த ஸ்பிரிங், வீல் பேரிங், பிறகு ஷாக். ஸ்டெபிலைசர் ரப்பரும் மேல் மவுண்ட்டும் ஒரு மாதம் பொறுக்கும். அலைன்மென்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாமான் மாற்றும்போதும் அலைன்மென்ட்டுக்கு ஒருதரம் காசு கொடுத்தால் அந்தக் காசுக்கே ஒரு ஜோடி புஷ் வந்திருக்கும்.

வேல முடிஞ்சு வண்டி வந்தாச்சு. நான் எதப் பாத்து வாங்கணும்?

கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புது காட்டர் பின் மடக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீரிங் வீல் நேராக நிற்க வேண்டும். கோணலாக இருந்தால் வீலைக் கழற்றித் திருப்பி மாட்ட விடாதீர்கள், இரண்டு டை ராட்டையும் சமமாகத் திருப்பித்தான் நேராக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுபோய், மாற்றிய இடத்து நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் ஒருதரம் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.